ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் டீசல், செகண்ட் ஹேண்ட்: இப்போது வாங்கினால் கட்டுப்படியாகுமா?

#1 பவானிக்கரை (ஈரோடு)

வணக்கம். இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்று கேள்வியோடு வந்திருக்கிறேன். வீட்டில் அம்மாவோடு சேர்த்து ஐந்து பேர். தினமும் பெருந்துறை வரை வேலைக்குப் போய் வர வேண்டும். மாமனார் ஊர் கொல்லிமலையில், செம்மேடு பக்கம். பட்ஜெட் ஐந்து லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட ஏறாது.

கோயம்புத்தூரில் ஒரு 2018 ஈக்கோஸ்போர்ட் டைட்டானியம் டீசல் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டாவது ஓனர், மீட்டரில் 88,000 காட்டுகிறது. நாலே முக்கால் சொல்கிறார்கள், குறையும் போலத் தெரிகிறது. ஓட்டிப் பார்த்தேன், ஸ்டியரிங் பிடித்த பிடியில் நிற்கிறது, ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரியின் அண்ணன், "கம்பெனியே மூட்டை கட்டிட்டுப் போயிட்டான், நாளைக்கு ஒரு ஸ்பேர் பார்ட்டுக்கு எங்க போயி நிப்பீங்க மாப்ள?" என்கிறார். அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

#2 ஜிஎஸ்டி_ரோடு (செங்கல்பட்டு)

மறைமலைநகர் ஃபோர்டு ஆலைக்குப் பாகம் கொடுத்த ஒரு சின்ன கம்பெனியில் பல வருஷம் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது 2021 செப்டம்பர் 9. ஆனால் மறைமலைநகரில் ஈக்கோஸ்போர்ட் அன்றோடு நிற்கவில்லை, ஏற்றுமதி ஆர்டருக்காக 2022 ஜூலை வரை ஓடியது. இங்கே 2013 ஜூனில் விற்பனைக்கு வந்த வண்டி இது. ஒன்பது வருஷம் ஒரே ஆலையில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு இங்கிருந்து போனது, 2018 முதல் அமெரிக்காவுக்கும் இங்கிருந்துதான் போனது. இத்தனை வண்டி ரோட்டில் இருக்கும்போது பாகம் செய்கிறவன் கடையை மூடிவிட்டுப் போக மாட்டான். அவனுக்கும் வியாபாரம் வேண்டுமே.

மூடும்போது சர்வீஸும் பாகமும் தொடரும், சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, சனந்த் கிடங்குகள் இருக்கும் என்று கம்பெனி சொன்னது. இன்னொரு விஷயம், 1.5 டீசல் இன்ஜின் இந்த வண்டிக்கு மட்டும் உரியது அல்ல. ஃபிகோ, ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைல் எல்லாவற்றிலும் அதே இன்ஜின்தான். எனவே ஃபில்டர், சென்சர், பெல்ட் இதெல்லாம் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கிறது. திண்டாட்டம் வெளிப்பாகத்தில்தான்: ஹெட்லைட், டெயில் லைட், பம்பர், பின்கதவு. இடித்துக்கொள்ளாதவரை நிம்மதி.

#3 நிதானம்60 (விருதுநகர்)

இடித்துக்கொள்ளாதவரை நிம்மதி! நம்ம ஊர் ரோட்டில் ஓட்டிக்கொண்டே இதைச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும் சார்.

தம்பி, நான் மாருதி பிரெஸ்ஸா டீசல் வைத்திருக்கிறேன். விருதுநகரில் எந்தப் பட்டறைக்குள் விட்டாலும் கையை நீட்டினால் பாகம் வருகிறது. 1.3 இன்ஜினில் வால்வை இயக்குவது டைமிங் செயின், பெல்ட் மாற்றுகிற கவலை கிடையாது. ஓட்டுவதற்கு ஈக்கோஸ்போர்ட் நன்றாக இருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வண்டி என்பது ஓட்டுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். நிற்கிற இடம் பட்டறையாக இருக்கக் கூடாது.

#4 ஜிஎஸ்டி_ரோடு

அண்ணே, நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதே வருஷத்து பிரெஸ்ஸா டீசலுக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் கூடக் கேட்கிறார்களே. 2020 ஏப்ரலோடு அதில் டீசலும் நின்றுபோனது, அதனால் இருக்கிற வண்டிக்கு இன்னும் கிராக்கி. பவானிக்கரை சொல்கிற ஐந்து லட்சத்துக்கு வருகிற பிரெஸ்ஸா எந்த நிலைமையில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

#5 நிதானம்60

அது உண்மை. அந்தக் காசுக்கு என்றால் டாக்ஸி ஓடி முடித்துவிட்டு வெள்ளை போர்டுக்கு மாறின மாதிரி ஒன்றுதான் கிடைக்கும்.

#6 டீசல்மனசு (நாகர்கோவில்)

2015 மாடல், முதல் சீரிஸ் 1.5 டீசல். புதிதாக எடுத்தது, இன்றும் வீட்டில் அதுதான் ஓடுகிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. இன்ஜினை இதுவரை திறக்கவில்லை. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் மூன்றையும் சேர்த்து ஒருமுறை மாற்றினேன். கிளட்ச் செட் ஒருமுறை. முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்ஷும் ஸ்டெபிலைசர் லிங்க்கும் மட்டும் அவ்வப்போது கேட்கும். எங்கள் ஊர் ரோட்டுக்கு அது எந்த வண்டியிலும் கேட்கும்.

மைலேஜ் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். கம்பெனி அப்போது விளம்பரத்தில் போட்டது 22.7. எனக்கு நாகர்கோவிலுக்குள் 15, 16. திருநெல்வேலி, மதுரை என்று நான்குவழிச் சாலையில் 90இல் பிடித்துப் போனால் 20 தாண்டும். 120இல் மிதித்தால் மைலேஜ் கேட்கக் கூடாது.

நீங்கள் பார்க்கும் 2018 வண்டி என்னுடையதைவிட நல்லது. 2017 நவம்பரில் வந்த மாற்றத்துக்கு அப்புறம் உள்ளே டேஷ்போர்டே வேறு. டீசல் 100 பிஎஸ் (குதிரைத்திறன்), 205 என்எம் டார்க் (இழுவை). கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அங்கேதான் இந்த வண்டியின் அருமை தெரியும். இரண்டாவது கியரில் போட்டுவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் திருப்பிக்கொண்டே ஏறலாம். உள்ளே இருக்கிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய மாட்டார்கள், உயரமான வண்டி என்ற நினைப்பே வராது. ஆனால் பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் என்றால் நெருக்கம்தான். நடுவில் உட்காருகிறவர் திட்டுவார்.

#7 கணபதி_பட்டறை (கோயம்புத்தூர்)

மெக்கானிக். சொந்தப் பட்டறை, ஃபோர்டு வண்டி நிறைய வருகிறது. எல்லோரும் கம்பெனி போனதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். நீங்கள் வாங்கப்போவது கம்பெனியை அல்ல, முந்தின ஓனரை. அவர் எப்படி வைத்திருந்தார் என்பதுதான் வண்டி.

போகும்போது காலையில் போங்கள், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜினில் சாவி போட்டதும் ஒரே சுற்றில் பிடிக்க வேண்டும். வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நடுங்கினால் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக் செலவு காத்திருக்கிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறங்கள். லேசாக ஆவி வரலாம், புகைபோக்கி மாதிரி தள்ளினால் அந்த வண்டி வேண்டாம்.

கிளட்ச் பார்க்க, மூன்றாவது கியரில் 40இல் போய் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். சேஸி நம்பரைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஹிஸ்டரி சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2318 என்றிருந்தால் 2018ஆம் வருஷம் 23ஆவது வாரத்து டயர். 88,000 ஓடியதாகச் சொல்கிற வண்டியில் இது மூன்றாவது செட் டயர் என்றால் கணக்கு இடிக்கிறது. கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் ஓரத்தில் தயாரிப்பு வருஷத்தின் குறி இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் வேறு வருஷம் என்றால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம்.

முக்கியமானது டைமிங் பெல்ட். புத்தகத்தில் கிலோமீட்டரும் போட்டிருக்கும், வருஷமும் போட்டிருக்கும். எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. "மாத்தியாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது, பில் வேண்டும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் மோதும். அதற்கு ஆகிற செலவில் நல்ல டூவீலர் ஒன்று வாங்கலாம்.

#8 வேளச்சேரி_வாசி (சென்னை)

நான் பெட்ரோல் ஆட்டோமேட்டிக், 2019. அந்த மூன்று சிலிண்டர் டிராகன் இன்ஜின், 123 பிஎஸ். என்னுடையது டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ். 2017க்கு முந்தைய ஆட்டோமேட்டிக்கில் டூயல் கிளட்ச் வகை வந்தது, பட்ஜெட்டில் வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்பேன்.

ஓட்ட சுகமோ சுகம். வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் டிராஃபிக்கில் லிட்டருக்கு 9, 10. அதை மட்டும் கணவரிடம் சொல்ல மாட்டேன்.

நான் எழுத வந்தது வேறு. 200 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், 550 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று இந்த வண்டிக்கு விளம்பரம் செய்தார்கள். அதை நம்பி வெள்ளத்தில் இறக்கியவர்கள் எங்கள் ஏரியாவில் நிறைய. 2015 டிசம்பர், அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து வெளியூருக்குப் போய்விடும். கோயம்புத்தூரில் நிற்பது கோயம்புத்தூர் வண்டிதானா என்று ஆர்சியில் பாருங்கள்.

வெள்ள வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு வழி. சீட் பெல்ட்டை மெதுவாகக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்பாக ஒரு சேற்றுக்கோடு தெரிந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. சீட்டைக் கழுவுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், பெல்ட்டை யாரும் முழுதாக வெளியே இழுத்துத் துவைப்பதில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கிற தண்டவாளத்திலும் துரு பாருங்கள்.

#9 பவானிக்கரை

அக்கா, சீட் பெல்ட் விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது, நன்றி. கணபதி அண்ணே, உங்கள் பதிவை அச்சடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் போகப்போகிறேன்.

ஒரு சின்ன சந்தேகம். பின்பக்கக் கதவு பக்கவாட்டில் திறக்கிறதே, அது தொல்லையா?

#10 டீசல்மனசு

தொல்லைதான், பழகிவிடும். கீல் இடப்பக்கம். கைப்பிடி வலப்பக்க டெயில் லைட்டுக்குள் ஒளிந்திருக்கும், முதல் தடவை ஓட்டுகிற ஆக்டிங் டிரைவர் தேடோ தேடு என்று தேடுவார். நாம் சாலையில் இடப்பக்கம் ஓரங்கட்டுகிறோம். கதவு இடப்பக்கம் மடங்கினால் பிளாட்பாரத்துக்கும் டிக்கிக்கும் நடுவே வந்து நிற்கும். அரிசி மூட்டையை ரோட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்துதான் ஏற்ற வேண்டும். பின்னால் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டால் கதவைத் திறக்கவே முடியாது.

#11 கணபதி_பட்டறை

அதோடு ஸ்டெப்னி முழுப் பாரத்தையும் அந்தக் கதவுதான் சுமக்கிறது. கதவைப் பாதி திறந்து, அடியில் கை கொடுத்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. பின்னால் யாராவது மெதுவாக இடித்தால்கூட முதலில் அடி வாங்குவது ஸ்டெப்னி, அது கதவு தகட்டை உள்ளே தள்ளிவிடும். பம்பரில் கீறல்கூட இருக்காது. அதனால் பின்கதவின் பெயிண்ட் நிறத்தைப் பக்கத்துப் பேனலோடு வெயிலில் வைத்து ஒப்பிடுங்கள், நிழலில் தெரியாது.

2021இல் எஸ்இ என்று ஒன்று வந்தது, பின்னால் ஸ்டெப்னி இல்லாமல், பஞ்சர் கிட் மட்டும் கொடுத்தார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். கொல்லிமலை போகிறவருக்கு அது வேண்டாம்.

#12 டெக்சாஸ்_தஞ்சாவூரான் (டல்லாஸ்)

தூரத்திலிருந்து ஒரு குரல். இங்கே நான் ஓட்டுவதும் மறைமலைநகர் வண்டிதான். சேஸி நம்பர் எம்ஏஜே என்று தொடங்குகிறது, ஃபோர்டு இந்தியாவின் குறி. டிரைவர் பக்கக் கதவுத் தூணில் இருக்கிற ஸ்டிக்கரில் இந்தியாவில் தயாரித்தது என்று போட்டிருக்கிறது. வாங்கின அன்றே போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

என்னுடையது 1.0 ஈக்கோபூஸ்ட் பெட்ரோல். இதுவரை தகராறு ஒன்றும் இல்லை. ஆனால் 2023 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த இன்ஜின் போட்ட 2018 முதல் 2022 வரையான ஈக்கோஸ்போர்ட்டுகளைக் கம்பெனி திரும்ப அழைத்தது. ஆயில் பம்ப்பைச் சுற்றுகிற பெல்ட்டின் டென்ஷனர் உடைந்தால் ஆயில் பிரஷர் போய்விடும், இன்ஜின் நின்றுவிடும் என்பது காரணம். இது அமெரிக்க வண்டிகளுக்கான அழைப்பு. இருந்தாலும் ஊரில் ஈக்கோபூஸ்ட் தேடுகிறவர்கள் பெல்ட் பற்றிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

#13 கணபதி_பட்டறை

நல்ல தகவல். பெட்ரோலில் ஈக்கோபூஸ்ட்டுக்கும் டிராகனுக்கும் பொதுவான ஒன்று உண்டு. டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடும். அதனால் ஆயில் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கம்பெனி சொன்ன தரத்தில் இல்லாத ஆயிலை ஊற்றினால், அல்லது மாற்றாமல் இழுத்தடித்தால், பெல்ட் ரப்பர் உரிந்து துகள் துகளாக ஆயில் சல்லடையில் போய் அடையும். வேளச்சேரி மேடம், ஆயில் கேனை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். டீசல்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்கள் பெல்ட் வெளியே காய்ந்த இடத்தில்தான் ஓடுகிறது.

டீசலிலும் 2020க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) வண்டி என்றால் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கும். ஊருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தால் புகைக்கரி அடைத்து விளக்கு எரியும். வாரம் ஒருமுறையாவது ஹைவேயில் நிதானமான வேகத்தில் ஓட விட வேண்டும். 2018 என்பதால் பவானிக்கரைக்கு அந்தத் தொல்லையும் கிடையாது.

#14 ஓஎம்ஆர்_ஓட்டுநர் (சென்னை)

டெல்லி வண்டிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆன்லைனில் இதே மாடல் மூன்று, மூன்றேகாலுக்கு வருகிறது. டெல்லியில் பழைய டீசலுக்குக் கெடுபிடி என்பதால் வயசு ஏறும்போதே தள்ளிவிடுகிறார்கள். விலையைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வாழ்நாள் வரி மறுபடி கட்டி, டிஎன் நம்பர் போட்டு முடிப்பதற்குள் மிச்சம் என்று நினைத்த காசு கரைந்திருக்கும். புரோக்கர் "எல்லாம் நான் பாத்துக்கறேன் சார்" என்பார். நம்பி விட்ட என் நண்பர் ஒருவர் இன்னும் டிஎல் நம்பரோடு ஓட்டுகிறார், செக்போஸ்ட்டைக் கண்டால் வயிறு கலக்குகிறது அவருக்கு.

#15 பெரியகுளத்தான் (தேனி)

ஃபோர்டு திரும்ப வருகிறது, அப்போது பாகமெல்லாம் தாராளமாகக் கிடைக்கும் என்கிறார்களே?

#16 ஜிஎஸ்டி_ரோடு

ஆலை உயிர் பெறுவது உண்மை. முதல்வர் ஸ்டாலின் அமெரிக்கா போன சமயம், 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக ஆலையைத் திறக்க விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இன்ஜின் தயாரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை என்ற வகையில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அது ஏற்றுமதிக்கான புது இன்ஜின். ஈக்கோஸ்போர்ட் பம்பரை அங்கே செய்யப்போவதில்லை. அந்தச் செய்தியைக் கணக்கில் சேர்த்து யாரும் வண்டி வாங்க வேண்டாம்.

#17 வேளச்சேரி_வாசி

பாகம் பற்றி என் அனுபவம். போன வருஷம் ஒரு தண்ணீர் லாரி என் வலப்பக்க டெயில் லைட்டை உரசிவிட்டுப் போனது. கைப்பிடி அந்த லைட்டோடு சேர்ந்தது என்பதால் டிக்கி திறக்கவில்லை. இன்சூரன்ஸில் கொடுத்த பாடி ஷாப், வரும் வரும் என்று இழுத்தது. கடைசியில் அண்ணா சாலை ஜிபி ரோட்டுக் கடைகளில் தேடி, பிரித்தெடுத்த வண்டியின் லைட்டை நானே வாங்கிக் கொடுத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள், ஒரே வண்டியை நம்பி இருப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

#18 நிதானம்60

இதைத்தானே அம்மா நான் மூன்றாவது பதிவிலேயே சொன்னேன்!

#19 வேளச்சேரி_வாசி

சொன்னீர்கள் சார். ஆனாலும் நாளைக்கே வேறு வண்டி எடு என்றால் எடுக்க மாட்டேன். லாங் டிரைவில் ஒரு நாள் என்னுடையதை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

#20 பவானிக்கரை

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பானெட் சூடு. காலை ஏழரைக்கு, நான் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். பின்கதவு வெயிலில் வேறு வெள்ளை. டைமிங் பெல்ட் பில் கேட்டதற்கு, இன்னும் நேரம் வரவில்லை என்றார்கள். வருஷக் கணக்கைச் சொன்னதும் பேச்சை ஏசி எவ்வளவு கூலிங் பாருங்கள் என்று மாற்றினார்கள். மெக்கானிக்கை வைத்து ஸ்கேனர் மாட்டிப் பார்க்கலாமா என்றதற்கு, பிடித்தால் எடுங்க, இல்லாட்டி விடுங்க என்று பதில். விட்டுவிட்டேன்.

கரூரில் இன்னொன்று இருக்கிறது. 2019 டைட்டானியம் பிளஸ், ஆறு ஏர்பேக். 1,12,000 ஓடியிருக்கிறது, ஆனால் ஒரே ஓனர், ஓய்வு பெற்ற ஆசிரியர். முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்லும் ஃபைலில் வைத்திருக்கிறார். 4.9 சொல்கிறார். பேங்க் லோன் முடிந்துவிட்டது, ஆனால் ஆர்சியில் பேர் நீக்கவில்லையாம். ஓட்டம் அதிகமோ?

#21 டீசல்மனசு

பில்லோடு 1,12,000 என்பது பில் இல்லாத 88,000ஐவிடக் குறைவு. ஆறு ஏர்பேக்கை விடாதீர்கள், வீட்டில் ஐந்து பேர் போகிற வண்டி.

#22 ஓஎம்ஆர்_ஓட்டுநர்

பேங்க்கிடம் என்ஓசி, ஃபார்ம் 35 வாங்கி அவர் பேரிலேயே ஹைப்பாதிகேஷனை, அதாவது ஆர்சியில் இருக்கிற கடன் பதிவை, நீக்கச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் ஃபார்ம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றம். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அதுவரை அட்வான்ஸுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

#23 கணபதி_பட்டறை

ஃபைலில் பெல்ட் மாற்றின பில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றுக்கும் விலையில் கழித்துப் பேசுங்கள். வாத்தியார் என்றால் கணக்கு காட்டினால் ஒப்புக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை கரூரில் ஒரு கல்யாணம், நானும் வருகிறேன். ஸ்கேனரைக் கையோடு எடுத்து வருகிறேன். உங்களுக்குத் தனிச்செய்தியில் நம்பர் அனுப்பியிருக்கிறேன். முகூர்த்தம் ஒன்பதரைக்கு, அதற்கு முன்னால் பார்த்து முடித்துவிட வேண்டும். இன்ஜினைத் தொடாமல் வைக்கச் சொல்லி அவரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.